புள்ளி வைத்த இகரம்

நேற்று வரை ஓடியது.
கெட்டுப்போன எல்லாவற்றின் கதையும்
இந்த வரியில்தான் தொடங்குகிறது.

கிரெசுன் நகரம், கருங்கடல் ஓரம்,
இரவு இரண்டு பத்து.
அடுப்பில் ஹேசல் கொட்டையின் தோடு எரிகிறது.
பழைய கல்யாணக் கேசட்டுகளைக்
கணினியில் ஏற்றிக் கொடுப்பது இஷிலாயின் தொழில்.
காலை ஒன்பதுக்கு ருகியே அம்மாளின் ஆள் வருவான்.
தொண்ணூற்றொன்றில் நடந்த கல்யாணம், மூன்று மணி நேரம்.
அதில் பாதி, தோள் குலுக்கி ஆடும் ஆட்டம்.
மீதி, யாரோ மறைத்துக்கொண்டு நிற்கும் முதுகு.

டிரிம் என்று அடித்தாள்.
அப்படியொரு கட்டளை கிடையாது.
பல் போனவருக்குச் சோறூட்டுவதுபோல்
எழுத்தெழுத்தாய் அடித்தாள்.
கிடையாது.
கருவியை நீக்கி, மறுபடி இறக்கி, நிறுவி,
கிடையாது.
பாதை சரி. அனுமதி சரி. வட்டில் இடம் தாராளம்.
உதவிப் பக்கத்தைக் கேட்டால்
நான்காவது வரியில் இருக்கிறது டிரிம்,
உள்ளே உட்கார்ந்துகொண்டே
வீட்டில் இல்லையென்று சொல்லியனுப்பும்
கடன் வாங்கியவன் மாதிரி.

தண்ணீர் குடிக்க எழுந்த ஹல்தூன்
"அணைத்துப் போட்டுப் பாரேன்" என்றான்.
மினிபஸ் ஓட்டுகிறவன். அவன் உலகத்தில்
பாதி நோய் அப்படித்தான் தீர்கிறது.
ஏற்கெனவே நாலு தடவை என்று
இவள் சொல்லவில்லை.
ஐந்தாவது தடவை போட்டாள்.

பிறகு மின்கட்டண ரசீதின் முதுகில்
கோடு கிழித்துப் பிரித்தாள்.
ஓடுவது: காப்பி, மெர்ஜ், கட்.
ஓடாதது: டிரிம், ஸ்பிளிட், ஜாயின், லிஸ்ட்.
நீங்களும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்,
இரண்டாவது வரிசையில்
ஒவ்வொன்றிலும் ஓர் இகரம்
பதுங்கியிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம்தான்
கணினியின் மொழியை
ஆங்கிலத்திலிருந்து துருக்கிக்கு மாற்றினாள்.
பதினோரு வருடமாக
அடுத்த வீட்டு ஜன்னல்வழியே
தன் வீட்டு வேலைக்காரனைக் கூப்பிட்டது போதுமென்று.
மாதங்களின் பெயர் மாறியது.
நேரம் இருபத்துநாலு மணிக் கணக்கானது.
கிடையாது என்பதைக்கூடத் தாய்மொழியிலேயே சொன்னது.

அவள் மொழியில் அந்த எழுத்து இரண்டு.
ஒன்றுக்குத் தலையில் புள்ளி, ஒன்றுக்கு இல்லை.
பெரிதாக எழுதினாலும் வைத்த புள்ளி வைத்ததுதான்.
கருவியைச் செய்தவன், எந்த ஊர்க்காரனோ,
வருகிற சொல்லையெல்லாம் பெரிய எழுத்தாக்கிப்
பட்டியலோடு ஒத்துப்பார்க்கச் சொல்லியிருந்தான்.
பட்டியலில் எவருக்கும் புள்ளி இல்லை.
தொப்பியோடு வந்த டிரிம்மை
வாசலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

புள்ளியில்லாத அந்த ஒலி நமக்கும் பழக்கம்தான்.
காற்று, பாட்டு என்று முடிக்கையில்
உதடு குவியாமல் அரை மாத்திரையில் கரைகிறதே,
அது.
அவள் பெயரின் முதலெழுத்தும் அதுவே.
இஷிலாய் என்று நான் எழுதிவந்தது
ஜெர்மனி விசாத்தாளில் எவரோ செய்த
அதே தவறு.
நாம் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் அடங்கும்.
அங்கே வைத்தால் வேறோர் உயிர்.

கட்டளைக்கு முன்னால் சின்னதாக ஒன்றைச் சேர்த்தாள்:
இந்த ஒரு வரிக்கு மட்டும்
நீ எந்த மொழிக்காரனும் இல்லை.
மூன்று நாற்பதுக்கு ஓடியது.

சந்தோஷம் வரவில்லை. கோபம்தான்,
அதுவும் கொஞ்சம்போல.
தன் வீட்டுக்குள் நுழையத்
தானே செருப்பைக் கழற்றுவதுபோல்
ஒரு புள்ளியைக் கழற்ற வேண்டியிருக்கிறது.
தேநீர் ஆறியிருந்தது, குடித்தாள்.

ஒவ்வொரு தடவையும் அத்தனை நீளம் அடிக்க முடியாதென்று
ஒரு சுருக்கக் கட்டளை செய்து
அதற்குப் பெயர் வைத்தாள்:
ஒற்றை எழுத்து. தலையில் ஒன்றும் இல்லை.

அடித்ததும் வந்தது.
திரையில் மணப்பெண்
கேமராவைப் பார்த்து என்னவோ சொல்கிறாள்.
முதுகுக்காரர்
நகர்வதாக இல்லை.