காரணம் என்றொரு கட்டம்

செக்காலை ரோட்டில் மருந்து மொத்தக்கடை.
முப்பத்தோரு வருடமாக அங்கே கணக்கு எழுதுகிறேன்.
காலாவதித் தேதி பார்த்துப் பெட்டிகளைப் பிரிப்பதும் என் வேலைதான்.
என் பெட்டிக்கு இன்னும் இரண்டு வருடம்.
பென்சன் என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஐம்பத்தெட்டில் ஒரு சால்வை உண்டு.

மாதம் ஏழாம் தேதி
ஐயாயிரம் ரூபாய் தானாகக் கழிந்துபோகும்
மியூச்சுவல் ஃபண்டுக்கு.
பதின்மூன்று வருடம் சத்தமில்லாமல் போனது.
போன வாரம், நான்கே நாளில்,
எழுபத்திரண்டாயிரம் காணோம்.
களவு போயிருந்தால் காவல் நிலையம் இருக்கிறது.

ரயில்வே கேட்டில் நின்றபடி கைபேசியைப் பார்த்தேன்.
சிவப்பு.
கேட் திறந்து, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்து,
இன்னும் சிவப்பு.
கொப்புடையம்மன் முன்னால் கண்ணை மூடினால்
இமைக்குள்ளும் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளத்தூரில் எனக்கு வேறொரு பங்கு இருக்கிறது:
பெரிய வீட்டில் இருபத்துநான்கில் ஒன்று.
விற்க வேண்டுமானால்
என்னைத் தவிர இருபத்துமூன்று கையெழுத்து.
நான்கு சிங்கப்பூரில், ஒன்று கோர்ட்டில்,
ஒன்று என்னோடு பேசுவதில்லை.
ஓடு சரிந்துவிட்டது, நிலைக்கதவில் கரையான்.
ஆனாலும் அது இறங்கிவிட்டதென்று
ஒருநாளும் நான் பதறியதில்லை.
அதன் விலையை யாரும்
நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனேன்.
நிறுத்துவதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்.
பெயர் எழுதினேன். ஃபோலியோ எண் எழுதினேன்.
காரணம் என்றொரு கட்டம்.
வீடு கட்ட, கல்யாணம், வைத்தியம், இதர.
பயம் என்று இல்லை.
இதரவில் பயம் அடங்குமா என்று
அந்தப் பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு அதன் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டேன்.
மேலே பிள்ளையார் சுழி; கை தானாகப் போடும்.
வரவில் பி.எஃப்., டெபாசிட், இறங்கியது போக இந்த ஃபண்டு.
பற்றில் அரிசி, கேஸ், பால்,
இனிமேல் கடை விலைக்குக் கிடைக்காத பிரஷர் மாத்திரை,
விலைவாசிக்கு வருடம் ஆறு சதம்.
எல்லாம் எழுதக்கூடிய எண்கள்.
எத்தனை வருடத்துக்கு என்பதுதான்
எந்தப் பேரேட்டிலும் இல்லை.
அப்பச்சி எழுபத்தாறில் போனார்கள்.
தாராளமாக இரண்டு கூட்டி எழுபத்தெட்டு என்று போட்டேன்.
கணக்கு நேரானது.
ஆயிரத்து நூறு ரூபாய் மிச்சம்கூட வந்தது.

உமையாள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள்.
"இதென்ன எழுபத்தெட்டு?"
சொன்னேன்.
"எனக்கு?"
எண்பத்திரண்டு. அவள் எனக்கு மூன்று வயது இளையவள்.
மனதுக்குள் கூட்டிக் கழித்தாள்.
"அப்ப ஏழு வருசம் நான் யாரை ஏசுறது?"

காலண்டரில் செருகியிருந்த பென்சிலை உருவி
என் எண்ணை அடித்து
தொண்ணூறு என்று எழுதினாள்.
சந்தை நான்கு நாளில் செய்யாததை
ஒரு கோட்டில் செய்துவிட்டாள்.
"எண்பத்துமூணுலயே காசு தீருதே" என்றேன்.
"தீரட்டும். ஆள் இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு
பாலுக்கு உறை ஊற்றப் போனாள்.

ஏழாம் தேதி, காலை ஒன்பது நாற்பது, குறுஞ்செய்தி:
ஐயாயிரம் கழிக்கப்பட்டது.
அன்றைக்கும் இறங்கித்தான் இருந்தது.
பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்,
மூன்று தடவை பார்த்தேன்.

படிவம் சட்டையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது.
பிரித்துப் பார்த்தால்
பெயர் நீலமாகக் கரைந்திருந்தது,
பேனாக் கணக்கு முழுக்கப் போய்விட்டது.
பென்சில் தொண்ணூறு மட்டும் அப்படியே.

கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன்,
எதற்கென்று தெரியவில்லை.