சாக்கு எடை

சார்ஜா நீதிமன்றம், மூன்றாம் தளம்.
மணிக்கணக்கில் கூலி எனக்கு.
அரபியை வாங்கித் தமிழாகக் கொடுப்பேன்,
தமிழை வாங்கி அரபியாகக் கொடுப்பேன்.
ஒருவகையில் நானும்
பழைய பொருள் வியாபாரிதான்.

கூப்பிடுகிறார்கள்:
தவசிமணி பிச்சையா சுடலை.
அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்துத்தான்
இங்கே ஓர் ஆளை அழைப்பது.
சங்கரன்கோவில் பக்கத்தில்
என்றைக்கோ எரித்த இரண்டு பேர்
அவனோடு கூண்டேறி நிற்கிறார்கள்.

பதினான்கு கிலோ செம்பு.
பாதி எழும்பிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில்
ராத்திரி உருவியது.
உருவியவன் அகப்படவில்லை.
பிக்கப்பில் ஏற்றி வந்தவன் நௌஷேர், பெஷாவர்ப் பையன்,
மீசை இன்னும் முழுசாக வரவில்லை.
வாங்கியவன் தவசிமணி.
கிலோ பதினைந்து திர்ஹம்,
சந்தையில் முப்பதுக்குப் போகிற வாரத்தில்.

"திருட்டுச் சாமான் என்று தெரியுமா?"
கேட்டுச் சொல்கிறேன்.
"விலை கம்மின்னு தெரியும் சார்."
அதையும் சொல்கிறேன்.
எழுத்தரின் விரல்கள்
அந்த ஒரு வரிக்கு
கொஞ்சம் அதிக நேரம் ஓடுகின்றன.

பிறகு திரையில் ஒரு பழைய பக்கம்.
எட்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை,
கேம்ப் வாசலில் எவனோ நீட்டிய கைப்பேசி.
பெட்டி இல்லை, சார்ஜர் இல்லை,
நூற்றுப்பத்து திர்ஹம்.
அதற்கு இரண்டு மாதம் உள்ளே.

"ஸாபிகா" என்கிறார் அரசு வழக்கறிஞர்.
முந்தியது என்று அர்த்தம்.
முந்தியதெல்லாம் அதில் அடங்காது.
அந்த வெள்ளிக்கும் இந்தச் செம்புக்கும் நடுவே
அவன் ஒழுங்காக நிறுத்த
பழைய பேட்டரி, அலுமினியச் சட்டம், ஏ.சி. மோட்டார்
எதற்கும் திரையில் பக்கம் இல்லை.

"சொல்ல ஏதாவது இருக்கிறதா?"
நீதிபதியைப் பார்த்துப் பேசு என்றேன்.
அவன் என்னையே பார்த்துப் பேசினான்.

"சார், என் கடையில
சாக்கோட நிறுத்தா இருநூறு கிராம் கழிச்சிருவேன்.
ஈரச் சாக்குன்னா முந்நூறு.
செம்புக்குத்தான் காசு, சாக்குக்கு இல்ல.
இவங்க அந்தப் பழைய சாக்கையும் சேத்து நிறுக்கறாங்க.
அதான் ரெண்டு மாசம் கழிச்சிட்டேனே சார்."

கழித்துவிட்டேன்.
நாளைக் கழித்ததா, கணக்கில் கழித்ததா?
தமிழில் ஒரே தட்டில் இரண்டும் கிடக்கும்;
அரபியில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது.
சாக்கு வேறு.
கோணியும் அதுதான்,
நொண்டிக் காரணமும் அதுதான்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் சொன்னேன்:
"முந்தைய தண்டனையை அனுபவித்துவிட்டானாம்."
அது அவருக்குத் தெரியும். திரையிலேயே இருக்கிறது.

நௌஷேருக்கு மூன்று மாதம்,
முதல் தடவை என்பதால்
அதுவும் நிறுத்திவைப்பு.
தவசிமணிக்கு ஒரு வருடம்,
முடிந்ததும் நாடு கடத்தல்.
ஒரே செம்பு. ஒரே வண்டி.

நியாயம்தானே என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை.
பாதி விலை கேட்டதும்
ஒருமுறை மாட்டியவனுக்குக் கை கூச வேண்டாமா?
சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது.
பூனைக்குக் கடை வாடகை இல்லை,
விசா புதுப்பிக்கிற வேலை இல்லை
என்பதும் உடனே தோன்றியது.
இரண்டையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் என்று விளக்கினேன்.
தாளில் பெருவிரலை உருட்டி வைத்தான்.
மையைச் சட்டையில் துடைக்கப் போய்
சட்டை அவனுடையது இல்லை என்று
கையை எடுத்துக்கொண்டான்.

கதவுக்குப் போகிற வழியில் திரும்பி,
"ஊர்ல நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா
இதையும் சேத்துத்தான் நிறுப்பாங்களா சார்?"

"என்ன சொல்கிறான்?" என்றார் எழுத்தர்,
தலையைத் தூக்காமல்.

"நன்றி சொல்கிறான்" என்றேன்.