மதிச்சியம், ஏழாவது பந்தல்

ஆறு பந்தலிலும்
சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு விட்டதும்
தண்ணீர் மஞ்சளுக்கு வந்தது,
பழுக்க மனசில்லாத எலுமிச்சை மாதிரி
லேசாக.
அந்த லேசுதான் என் வேலை.

ஏழாவதில் நிறம் வரவில்லை.
குலுக்கினேன். வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
கண்ணாடிக்குள் மதுரை வானம்
கலப்படமில்லாமல் தெரிந்தது.
"பளிங்கு மாதிரி இருக்கு, பாருங்க மேடம்"
என்றார் பந்தல் போட்ட சோணைமுத்து.
பளிங்கைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அழகர் விடிகாலையிலேயே ஆற்றில் இறங்கியாயிற்று.
இப்போது ராமராயர் மண்டபத்துப் பக்கம்.
தோல்பையும் துருத்தியுமாக வந்தவர்கள்
வெயிலையே நனைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பீய்ச்சல் என் வாயிலும் விழுந்தது.
துப்பினேன்.
"சாமித் தண்ணியத் துப்புறா பாரு."
எந்தக் குழாய்த் தண்ணியோ என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

லாரி வேம்படியில் நின்றது.
டேங்கைச் சுற்றி ஃபிளெக்ஸ்.
அதில் கைகூப்பிய சோணைமுத்து,
அவர் மகன், மகனின் கூலிங்கிளாஸ்.
உரிமம் கேட்டேன்.
டிரைவர் இருளப்பன் சீட்டுக்கு அடியில் தேடினான்,
சட்டைப் பையில் தேடினான்,
பிறகு சோணைமுத்துவின் முகத்தில் தேடினான்.
"புண்ணியத்துக்கு எதுக்கு மேடம் லைசென்சு?"

ஃபிளெக்ஸின் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்திருந்தது.
தூக்கிப் பார்த்தேன்.
கூப்பிய கைகளுக்குப் பின்னால்
மங்கிய சிவப்பில் எழுதியிருந்தது:
கட்டட வேலைக்கு மட்டும்.

வரிசையில் நூறு பேருக்கு மேல்.
மொட்டைத் தலைச் சந்தனம் காய்ந்து வெடித்த பிள்ளைகள்.
குழாயை மூடி அதன் முன்னால் நின்றேன்.
அவ்வளவுதான்.
என் அம்மாவில் தொடங்கி
நான் வாங்காத லஞ்சம் வரைக்கும் வந்தது வசவு.
"நீ வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தான வந்த?"
நாலரை மணிக்கு அரை டம்ளர் காப்பி.
சொல்ல நாக்கு எழவில்லை,
அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

போன வருஷம் மேலூர்ப் பக்கம் ஒரு கிடாவெட்டு.
அங்கே நான் போனது மறுநாள்.
அண்டாவில் மிஞ்சிய தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து
சீல் வைத்துத் தேதி போட்டேன்.
வயது எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஆறு.

மாநகராட்சி லாரிக்குப் போன் போட்டேன்.
"வந்துட்டே இருக்கு, கூட்டம் விட்டாத்தானே."
நாற்பது நிமிடம்.
அதற்குள் இருளப்பன் கிட்டே வந்து
தலையைச் சொறிந்தான்:
"இதை ரோட்டுல விட்டுரவா? சனத்துக்குக் கால் சுடுது."
விதியில் தேடினால் கிடைக்காது.
தலையாட்டினேன்.

தார் சீறியது.
செருப்பில்லாத கால்கள்
அங்கிட்டும் இங்கிட்டுமிருந்து
ஈரத்தைக் கண்டுபிடித்து வந்தன.
ஒரு பிள்ளை குனிந்து அள்ளப் போனது.
பாய்ந்து கையைத் தட்டினேன், அழுதது.
சோணைமுத்தும் செருப்பைக் கழற்றிவிட்டு
ஈரத்தில் நின்றார்,
என்னைப் பார்க்காமல்.

லாரி வந்தது. இரண்டு சொட்டு. மஞ்சள்.
டம்ளர் சங்கிலி குட்டை, குனிந்துதான் குடிக்க வேண்டும்.
"த்தூ, மருந்து நாத்தம்" என்றபடி
மூன்று டம்ளர் குடித்தாள்
என் அம்மாவைத் திட்டியவள்.
நான்காவதை எனக்கு நீட்டினாள்.

இருளப்பன் லாரிக்கு அபராதம் எழுதினேன்.
ரோடு நனைத்ததற்காகக் குறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.
"வயித்தாலயும் வாந்தியுமா
மதிச்சியம் பக்கமிருந்து யாராச்சும்?"
பேரேடு புரளும் சத்தம்.
இன்னொரு பக்கம்.
இன்னொரு பக்கம்.
"அப்படி யாரும் வரலையே. யாரு பேசுறது?
உங்க வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

இல்லை, சும்மாதான் என்றேன்.