இரண்டாவது வரி

தக்குவரெம்போ. காலையிலிருந்து மழை.
எவரிஸ்தோவின் நான்காம் இடுப்பு முள்ளெலும்பில்
பட்டாணி அளவு வெள்ளை.
இரண்டு வகைப் படத்திலும் வெள்ளைதான், ஓரம் வழவழப்பு.
இரத்தக்குழாய் முடிச்சு.
பிறந்ததிலிருந்தே கூட இருக்கலாம்.
ஒரே வரி எழுதினேன்.
அதில் ‘கட்டி’ இருந்தது.

அந்தச் சொல்லோடு பஸ் ஏறியவர்
மறுவாரம் வந்தார்.
குதிரையை விற்றாயிற்றாம்.
கத்தரி தம்பிக்காம்.

“ஆட்டுத் தோலில் மரு தட்டுப்பட்டால்?”
“சுற்றிக் கத்தரித்துவிட்டு அடுத்த ஆடு, டாக்டர்...”
வாக்கியம் பாதியில் நின்றது.
சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

வலி?
அது நாளுக்கு நூறு ஆட்டுக்குக் குனிந்த வலி.
படத்தில் விழாது.

இப்போதெல்லாம் இரண்டாவது வரியும் எழுதுகிறேன்:
‘இதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.’

குதிரையை வாங்கியவன்
திருப்பித் தர மாட்டேன் என்கிறான்.