ஒன்பதாம் நம்பர் மீட்டர்

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை
இந்த வீட்டைக் கணக்கெடுக்கிறவள் நான்.
பழைய வண்ணாரப்பேட்டை, கும்பினித் தோட்டத் தெரு.
முகப்பில் சுதையால் செய்த ஆண்டு 1911;
கடைசி ஒன்று உதிர்ந்து இப்போது 191.
"சங்க காலத்து வூடு மேடம், பாத்து ஏறு"
என்பான் எதிரே அண்டா கழுவுகிறவன்.

மாடிப்படிக்கு அடியில் பலகை. பதினேழு மீட்டர்.
ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை பெயின்டில் ஒரு பெயர்:
ஹார்பர் கிரேன் ஓட்டிய பாஸ்டின் ரொசாரியோ,
ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த மா கின் என்கிற காமாட்சி...
மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள்.
மற்றபடி செத்தவர்கள் பேரில்தான்
இங்கே மிக்சி ஓடுகிறது.
பெயர் மாற்ற எழுதிக்கொடுங்கள் என்றால்
சிரிக்கிறார்கள்:
"வாரிசு சர்ட்டிபிகேட் கேப்பீங்க.
அப்பறம் வாரிசுங்க எல்லாம் வந்துடுவாங்க."

கட்டினவர் உப்பு வியாபாரி சல்லா குருவப்ப செட்டி.
எண்ணூர் அளத்து உப்பு
கால்வாய் வழியே படகில் வந்து
அடுக்கிக் கிடந்த கூடம்
இன்றைக்கும் மழைக்கு ஒரு நாள் முன்பே வியர்க்கிறது.
சுவரைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்திருக்கிறேன்,
ஒரே ஒரு தடவை,
யாரும் இல்லாதபோது.

மூத்தாள் பிள்ளைக்குக் கிழக்கு, இளையாள் பிள்ளைக்கு மேற்கு.
நடுவே எழுப்பிய சுவர்
ஒரு தேக்குத் தூணில் வந்து முட்டியது.
யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, தூணும்தான்.
இந்தப் பக்கத்து அரைத் தூணில் குடை தொங்குகிறது,
அந்தப் பக்கத்து அரையில் கேஸ் புத்தகம்.
எல்லாம் பிரித்த பத்திரத்தில்
படிக்கட்டை மட்டும் எழுத மறந்துவிட்டார் எழுத்தர்.
அறுபத்து நாலில் போட்ட வழக்கு.
படிக்கு அடியிலிருக்கிற உப்பறைக்குக் கோர்ட் வைத்த அரக்கில்
இப்போது எறும்புப் புற்று.

பூமிக்கடியில் மெட்ரோ குடைந்தபோது விழுந்த விரிசலுக்குக் குறுக்கே
எஞ்சினியர்கள் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி
தேதி போட்டுவிட்டுப் போனார்கள்.
வீடு நகர்ந்தால் கண்ணாடி உடையுமாம்.
கிழக்கும் மேற்கும்
காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து
தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் போகின்றன.

ஒன்பதாம் நம்பர் அந்த உப்பறையுடையது.
சீல் வைத்த அறை, சுற்றுகிற மீட்டர்.
போன தடவை பதினொன்று, அதற்கு முன் பன்னிரண்டு.
திருட்டு என்றுதான் எழுத வேண்டும் நான்.
டார்ச் அடித்துக் கம்பியைப் பிடித்தபடி போனேன்:
உத்தரத்தின் பின்னால், பல்லி முட்டைகளுக்கு நடுவே,
படி திரும்புகிற முடுக்குக்கு.
அங்கே ஒரு பல்பு.
அவ்வளவுதான்.

ஆபீசில் கணக்கைத் திறந்தேன்.
கடை இணைப்பு, இலவச யூனிட் கிடையாது.
ஒவ்வொரு பில்லும் இரண்டு தடவை கட்டியிருக்கிறது.
ஒன்று விடியற்காலை போனில், கிழக்கின் ரங்கமன்னார்.
ஒன்று கவுன்டரில் சில்லறையாக;
"துர்க்காம்மா, மேற்கு வூடு," என்றார் காசாளர்,
"யாராண்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லும்."
முன்பணம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ரூபாய்
யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது.

அடுத்த வாய்தா ஆவணியில்.
இரண்டு வக்கீல்களும் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள்.

இன்று ரீடிங் பத்து.
குறிப்பு என்கிற கட்டத்தில் கர்சர் துடித்தது.
காலியாக விட்டு
பதினாலாம் நம்பர் வீட்டில் தண்ணீர் கேட்க மேலே போனேன்.
குடித்துவிட்டு இறங்கும்போது மணி ஆறே முக்கால்.
இருபத்திரண்டு படி. ஏழாவது ஆடும்.
தெரிந்தது; தாண்டி வைத்தேன் காலை.