கணக்கு உதைக்கும் இடம்

சலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டேன்.
அது சுற்றினால் தராசின் கடைசி இலக்கம்
குளிரில் நிற்பவன் பல்லைப் போல் அடித்துக்கொள்கிறது.
ஈரத்துணி அரைமணி நேரம் கிடக்கட்டும்.

வால்ட்ரெஸில் மே மாதம்.
ஏரி நடுவில் இன்னும் ஒரு பனித்தட்டு.
நிலவறை மேசையில் இரண்டு பெட்டிகள்:
ஒரே ஆலை, ஒரே படம், ஒரே ஆறரை மில்லிமீட்டர்.
மூடி ஓரத்தில் எறும்பெழுத்தில் அச்சிட்ட
லாட் எண் மட்டும் வேறு.
பழையதில் மிச்சம் நாற்பத்தொன்று,
மூடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
புதியதில் நூறு.

நூறு என்பது பெட்டி சொல்வது.
நேற்றுப் பிரித்தபோதே எண்ணியிருக்க வேண்டும்.
இன்று எண்ணினால் தொண்ணூற்றொன்பது.
ஆலையில் எவனோ தூங்கிவிட்டான் என்று திட்டிவிட்டுக்
காலிப்பரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

எடையில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
ஒன்பது கிராம்; அதற்குப் பின்னால் வருவது தூசி.
மொத்த நீளத்தை நான் நம்புவதில்லை.
முனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கிள்ளப்பட்டிருக்கும்.
அடியிலிருந்து தோள்வளைவு வரை,
குழலின் வரிகளை எந்த இடம் முதலில் தொடுமோ
அதுவரை அளக்க வேண்டும்.

பழையது: 15.42. 15.42. 15.43. 15.42.
புதியது: 15.58. 15.57. 15.58.

இரண்டு தலைமுடிகளின் தடிமன்.
'எல்க் மானுக்கு அது தெரியவா போகிறது?' என்பார்
கிளப்பில் தூர்பியோர்ன்.
மானுக்குத் தெரியாது.
முந்நூறு மீட்டரில் காகிதத்துக்குத் தெரியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பவர்கள்
ஐந்து குண்டை அளந்துவிட்டுக்
காபி குடிக்கப் போவார்கள்.
எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
நாற்பத்தொன்றையும் அளந்தேன்.

இருபத்தெட்டாவது: 15.58.

துடைத்து, மறுபடி.
திருப்பி, மறுபடி.
காலிப்பரின் தாடையை ஊதி, மறுபடி.

பழையதில் எண்ணிக்கை சரி, ஒன்று அந்நியம்.
புதியதில் ஒன்று குறைவு.
கணக்கு உதைத்தது,
என் துப்பாக்கி ஒரு நாளும் அப்படி உதைத்ததில்லை.

ஆலையில் எவனும் தூங்கவில்லை.
மாடியில்தான் தூங்குகிறான் ஆஸ்முன்ட்,
பதினாறு வயது, பதினொரு மணி வெயிலில்
கால் கட்டிலுக்கு வெளியே.
மேசைப் பிடிப்பானின் வாயில் செம்புத் தூள்.
ஒரு மில்லிமீட்டர் துளைமுனை
ஒன்றரையின் குழியில் செருகிக் கிடக்கிறது.

பழையதிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறான்.
பென்சில் எழுத்தைப் பார்த்திருக்கிறான்.
எண்ணாத பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டு
நாற்பத்தொன்று ஆக்கியிருக்கிறான்.
கெட்டிக்காரன்தான்.
அவனுக்கு எல்லாக் குண்டும் குண்டு.

நான் கேட்கவில்லை.
அந்நியத்தை அதன் கூட்டத்தில் சேர்த்தேன்,
புதியது நூறாயிற்று,
ஆலைக்காரனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
41ஐ அழித்து 40 என்று எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாகவே.
அந்த நாற்பதுக்கும் மருந்து நிறுத்துப் போட்டுத் தோட்டாவாக்கினேன்.
பிறகுதான் நினைவு வந்தது ஈரத்துணி.

ஞாயிறு, சுடுதளம்.
ஏழாம் தடத்தில் பல் மருத்துவர் மகள் ஈடுன்
பாயை விரிக்கக் குனிந்தாள்.
சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிறு வெளியே விழுந்தது,
நுனியில் செம்பு நிறமாய் ஒன்று ஆடியது.

"நன்றாயிருக்கிறதே" என்றேன்.
"ஒருத்தன் தந்தான்.
நூறு பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தானாம்."

15.42.
மிஞ்சிப் போனால் .43.
துளை போட்டதால் ஒன்பது கிராம் தேறாது.
இதெல்லாம் அவளிடம் சொல்லவா முடியும்?
காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு
படுத்தேன்.

முதல் குண்டு ஒன்பதில், வலப்பக்கம்.
'காற்று' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
கொடி
அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.