எனர்வேட்

நூற்று எழுபத்தாறாம் இலக்க பஸ்ஸில்
ஆமர் வீதிச் சந்தி தாண்டினால்தான் இருக்கை.
அதன்பிறகு ராஜகிரிய வரைக்கும்
மடியில் சீ.ஆர். கொப்பி.
இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள்.
பஸ் டிக்கட்டால் சொல்லை மூடிவிட்டுப்
பொருளை வைத்துப் பெயரைப் பிடிக்க வேண்டும்,
அடுத்த அறையில் இருமல் கேட்டு
ஆளைச் சொல்வதுபோல.
ஒரு நாளைக்கு ஐந்து.
சம்பளத்துக்கு முந்தைய கிழமை இரண்டு.

"லொக்வேஷியஸ்" பார்த்தேன்.
"கரியுலஸ்" என்றிருந்தது.
கரியுலஸைத் தேடிப் போனேன்.
"லொக்வேஷியஸ்" என்றது.
கடன்காரன் வந்தால்
ஒருவர் வீட்டை மற்றவர் காட்டும் அயலவர்கள்.
கடைசியில் கண்டக்டர்தான் விளக்கினார்,
பொரளை வரை வாய் மூடாமல்.

சும்மா வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்குமென்று
கண்டதிலெல்லாம் ஒட்டிப் பார்த்தேன்.
தம்பி எழும்பும் நேரம்: "இன்டலென்ட்".
மீன்கார பெனடிக்டின் தராசு: "டூபியஸ்".
எங்கள் மாடி லிஃப்ட்: "டிஃபங்ட்".
அகராதி பிடித்தவள் என்று
அம்மா முந்தி ஏசியது
இப்போது வெறும் தகவல்.
கொச்சிக்கடைக் கோயிலில், செவ்வாய்க்கிழமை நெரிசலில்,
நான் கேட்டுக்கொண்டதற்கு மட்டும்
எந்தச் சொல்லும் ஒட்டவில்லை.

கந்தோரில் எனக்கு ஒரே வேலை:
காப்புறுதிப் பணம் கிடையாது என்று
மரியாதையாக எழுதுவது.
அங்கேயும் பொருள்விளக்கம்தான் முதலாளி.
பத்திரத்தின் ஒன்பதாம் பக்கம்,
வெள்ளம் எனப்படுவது
ஆறொன்று தன் கரையை மீறுதல்.
கொலன்னாவையில் நவ்ஃபருடைய கடைக்குள்
வந்தது ஆறில்லை, வாய்க்கால்.
பதினொரு தையல் மெஷின் மூழ்கியது உண்மை.
வாய்க்கால் ஆறாகாது என்பதும் உண்மை.
"அப்ப அது என்ன தண்ணி, மிஸ்?"
தொலைபேசியில் கேட்டார்.
அன்றைய ஐந்தில் ஒன்று "இக்விவொகேட்":
பிடிகொடாமல் இரு பொருள்படப் பேசுதல்.
கொப்பியில் எழுத முன்னமே
செய்து முடித்திருந்தேன்.

மதிப்பீட்டாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை.
மூன்று பேர், ஒரு தண்ணீர்ப் போத்தல்,
பதினெட்டில் ஏசி.
இப்போதைய வேலை உங்களுக்கு எப்படி என்றார்கள்.
கையிருப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்.
அதில் ஆக மினுங்கியதை எடுத்தேன்.
எனர்ஜிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது அது.
"தினமும் என்னை எனர்வேட் பண்ணுகிறது,"
சிரித்தபடி, ஆங்கிலத்தில், முழு வசனமாக.

இரண்டு பேர் தலையாட்டினார்கள்.
அவர்களுக்கும் அது தங்கச்சிதான் போல.
திருமதி சமரதிவாகர மட்டும்
பேனையைக் கீழே வைத்தார்.

திரும்பும்போது நின்றபடி புரட்டினேன்.
என் கையெழுத்தேதான், நீல மை:
உடலின், மனதின் பலத்தை
மெல்ல மெல்ல உறிஞ்சி எடுத்தல்.
மருதானையில் மழை பிடித்துக்கொண்டது.
எல்லோரும் ஜன்னலைச் சாத்த
பஸ்ஸுக்குள் ஈரத் துணி வாசம்.
வெட்கம் ஆமர் வீதி வரை இருந்தது.
பிறகு சிரிப்பு வந்தது, அடக்க ஏலாமல்.
பக்கத்தில் நின்றவர் பையை மாற்றிப் பிடித்தார்.
ஆறு வருஷத்தில் அந்தக் கட்டிடத்துக்குள்
ஒரேயொரு உண்மை பேசியிருக்கிறேன்,
அதையும் பிழை என்று நம்பாமல்.

கடிதம் இன்னும் வரவில்லை.
திருமதி சமரதிவாகர லிஃப்டில் கண்டால்
"இன்றைக்குமா?" என்கிறார்.
ஓம் என்கிறேன்.

நேற்று ஐந்து எழுதவில்லை. ஒன்று.
யாருடைய அகராதியிலும் பார்க்காமல்
பக்கத்தின் அடியில், தமிழில்:
வெள்ளம்.
தையல் மெஷினின் மிதிகட்டைக்கு மேலே
நிற்கும் எந்தத் தண்ணியும்.
டிக்கட்டால் சொல்லை மூடினேன்.
பொருளை வாசித்தேன்.
சொல் வரவில்லை.
நவ்ஃபருடைய கோப்பு இலக்கம் வந்தது.